குடோன் மெஷின்

உக்காருங்க. பெஞ்சு ஒரு பக்கம் ஆடும், அந்த ஓரமா உக்காந்தா ஒண்ணும் ஆகாது. உங்களையும் காலையிலயே வரச் சொல்லிட்டாங்களா? அப்படித்தான். காலையில வரச் சொல்லுவாங்க, எப்பக் கூப்பிடுவாங்கன்னு அந்த டவாலிக்கே தெரியாது. உங்களுக்கு என்ன, நிலத் தகராறா? சரி சரி, இஷ்டமில்லன்னா சொல்ல வேண்டாம். நான் சாட்சி. என் மேல கேஸ் ஒண்ணும் கிடையாது, அத முதல்லயே சொல்லிர்றேன். இங்க உக்காந்திருந்தாலே போற வர்றவங்க ஒரு மாதிரி பாக்குறாங்க.

என் பேரு கோதண்டராமன். மில்லுல சிஸ்டம்ஸ் மேனேஜர். எந்த மில்லுன்னு கேக்காதீங்க, வெளிய யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காரு. நூல் மில்லு, அவ்வளவு போதும். போன வருஷம் பங்குனியில பஞ்சு குடோன் எரிஞ்சதுன்னு பேப்பர்ல பாத்திருப்பீங்களே. ஆமா, அதேதான். ரெண்டு பொம்பளைங்க போயிட்டாங்க. பாவம். ஒருத்தி வேலம்மா. இன்னொரு அம்மா பேரு... வாயில வருது பாருங்க. சரி, அப்புறம் ஞாபகம் வரும்.

அது ஊருக்கே தெரிஞ்ச விஷயம். அதுல எனக்கு என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. ஒருத்தர் கேக்கல இன்னிக்கு வரைக்கும்.

எங்க மில்லுக்கு நாலு யூனிட்டு. முன்னூத்திச் சொச்சம் கம்ப்யூட்டர். ஆபீஸ், ஸ்டோர்ஸ், ஸ்பின்னிங், லேப், செக்யூரிட்டி கேட்டு வரைக்கும். எல்லாத்துக்கும் நான்தான். ஒவ்வொண்ணுலயும் அவனவன் இஷ்டத்துக்கு எதையாவது ஏத்தி வச்சிருப்பான். அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தன் ஜாதகம் பாக்குற சாஃப்ட்வேர் வச்சிருந்தான். ஒரு சின்ன மாத்தம் பண்ணணும்னாலும் நான் பென் டிரைவத் தூக்கிட்டு யூனிட் யூனிட்டா அலையணும். பஞ்சுத் தூசியில போயிட்டுப் போயிட்டு எனக்கு இருமலே நிக்காது.

ஒரு தடவ சம்பளம் போடுற நேரத்துல வைரஸ் வந்து எல்லாம் படுத்துருச்சு. எவன் பென் டிரைவ்ல வந்துச்சோ. எம்.டி. என்னைக் கூப்பிட்டாரு. ரூம்ல எல்லா மேனேஜரும் இருக்காங்க. "கோதண்டராமன், உங்களுக்கு இங்க என்ன வேலை?" அப்படின்னு கேட்டாரு. திட்டல. கத்தல. நிஜமாவே தெரியாம கேக்குற மாதிரி கேட்டாரு. ஸ்டோர்ஸ் மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிச்சான். நான் பாத்தேன்.

அன்னிக்கு முடிவு பண்ணினேன் சார். ஐம்பது தாண்டின வயசுல, லீவு நாள்ல வீட்டுல உக்காந்து நானாவே படிச்சேன். பேக்கேஜ் மேனேஜர்னு ஒண்ணு இருக்கு. உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன். சாஃப்ட்வேர்ங்கிறது தனியா நிக்காது. ஒண்ணு வேல செய்யணும்னா அதுக்கு அடியில வேற நாலு வேணும், அந்த நாலுக்கு அடியில இன்னும் பத்து. எதுக்கு எது வேணும்னு இந்தப் பேக்கேஜ் மேனேஜருக்குத் தெரியும். வேணுங்கிறத அதுவே கொண்டாந்து வைக்கும், பழசத் தூக்கிப் போடும், உபயோகமில்லாதத எடுத்துரும். நான் என்ன செஞ்சேன், மில்லுக்குள்ளயே ஒரு சர்வர் வச்சேன். வேணுங்கிற எல்லாத்தையும் நான் பாத்து, சோதிச்சு, அதுல வைப்பேன். எல்லாக் கம்ப்யூட்டரும் அதுகிட்ட மட்டும்தான் கேட்டு வாங்கணும். வெளிய இருந்து ஒரு துரும்பு உள்ள வராது. நான் என் சீட்டுல உக்காந்து ஒரு பட்டனத் தட்டினா நாலு யூனிட்டும் மாறும். வெளிக் கம்பெனிக்காரன் இதச் செஞ்சு குடுக்க லட்சக்கணக்குல கேப்பான். நான் ஒருத்தனா, சும்மா செஞ்சேன்.

சும்மா விட்டாங்களா? ஒவ்வொரு டிபார்ட்மெண்டும் சண்டைக்கு வந்துச்சு. இனிமே யாரும் சொந்தமா எதையும் ஏத்த முடியாது, எடுக்க முடியாது, எங்கிட்டதான் கேக்கணும்னு வச்சேன். "என்ன சார், எங்க மெஷினுக்கு நீங்க பூட்டுப் போடுறீங்க?"ன்னான் அந்த ஸ்டோர்ஸ் மேனேஜர். "மில்லோட மெஷினுக்கு மில்லு பூட்டுப் போடுது"ன்னேன். அதுக்கப்புறம் அவன் சிரிக்கிறதில்ல.

என் ஸ்கிரீன்ல ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு புள்ளி. என் சிஸ்டம் போய்ச் சேந்துட்டா பச்சை. சேரலன்னா சிவப்பு. ஆரம்பத்துல முழுசும் அம்மை போட்ட மாதிரி சிவப்பு. மாசாமாசம் பச்சையாகிட்டே வந்துச்சு. காலையில போனதும் காப்பி கூடக் குடிக்க மாட்டேன், அதத்தான் பாப்பேன்.

அப்பத்தான் அந்தப் பொண்ணு வந்தா. ஜெசிந்தா. இந்தக் கேஸ்ல அவதான் குத்தவாளி. கருவி எஞ்சினியர், தூத்துக்குடிப் பக்கம். முப்பது வயசுக்கு மேல இருக்கும். நல்லாப் படிச்சவ, வேலையில சுத்தம், அதெல்லாம் இல்லன்னு சொல்ல மாட்டேன். குடோன்ல புகை கண்டுபிடிக்கிற கருவியெல்லாம் இருக்கு. கூரை பூரா மாட்டியிருக்கும். அதெல்லாம் தனி வயர்ல ஒரு கம்ப்யூட்டருக்கு வந்து, அந்தக் கம்ப்யூட்டர்தான் சைரன் அடிக்க வைக்கணும். அது அவ பொறுப்பு.

"சார், குடோன் மெஷின மட்டும் விட்டுருங்க"ன்னா.

"ஏம்மா?"

"ரொம்பப் பழைய புரோகிராம் சார். செஞ்சு குடுத்த கம்பெனியே இப்ப இல்ல. அது எது எது மேல நிக்குதுன்னு எனக்கே முழுசாத் தெரியாது. நீங்க அடியில ஒண்ண மாத்தினா மேல இருக்கிறது போயிரும்."

"உனக்கே தெரியாத ஒண்ண நம்பியா இத்தன நாளா குடோன வச்சிருக்க?"

"அதனாலதான் சார் தொடாம வச்சிருக்கேன். வாராவாரம் ஊதுபத்தியக் கொளுத்தி எல்லாக் கருவிக்கும் கீழ காட்டிப் பாக்குறேன். புதுசு கேட்டு எழுதியிருக்கேன். அது வர்ற வரைக்கும் விட்டுக் குடுங்க சார்."

அமைதியாத்தான் பேசினா. சத்தம் போடுறவங்களச் சமாளிச்சுரலாம் சார், இந்த மாதிரி அமைதியாப் பேசுறவங்கதான் சொன்னதக் கேக்க மாட்டாங்க. ஒருத்தருக்கு விட்டா அடுத்த நாள் காலையில பத்துப் பேரு என் டேபிள் முன்னால நிப்பான். ஒரு ஓட்டை இருந்தாப் போதும், வைரஸ் அது வழியாத்தான் வரும். இதையெல்லாம் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். தலைய ஆட்டினா. போயிட்டா.

ரெண்டு நாள்ல ஸ்கிரீனப் பாத்தா குடோன் மெஷின் சிவப்பு. என்னடான்னு விசாரிச்சா, நெட்வொர்க் வயரக் கழட்டி வச்சிருக்கா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம. சொல்லுங்க, உங்களுக்குக் கோபம் வருமா வராதா?

மாசாந்திர மீட்டிங்ல எடுத்தேன். எம்.டி. இருந்தாரு. "எல்லா இடத்துலயும் முடிஞ்சிருச்சு சார், ஒரே ஒரு ஆளு ஒத்துழைக்கல"ன்னேன். எல்லாரும் அவளப் பாத்தாங்க. எந்திரிச்சு நின்னா. "சார், உள்ள ஆள் வேல செய்யிற இடம்"னு மட்டும் சொன்னா. ஜி.எம். "அது எங்களுக்கும் தெரியும்மா"ன்னாரு. மெமோ குடுத்தாங்க. அப்பவும் வயர மாட்டல சார். "புதுசு வந்ததும் நானே மாட்டுறேன்"னு எழுதிக் குடுத்துட்டா. ஒரு சின்னப் பொண்ணுக்கு அவ்வளவு பிடிவாதம்.

அதுக்கப்புறம் அவ லீவுல போனா. அவங்க அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன். அந்த நேரம் பாத்து வெளிநாட்டுல இருந்து நூல் வாங்குறவங்க வர்றாங்கன்னு சொன்னாங்க. மில்லு சுத்திப் பாப்பாங்க, கம்ப்யூட்டர் பாதுகாப்பு எப்படின்னு கேப்பாங்களாம். எம்.டி. என்னைக் கூப்பிட்டு, "உங்க ஸ்கிரீன அவங்களுக்குக் காட்டலாமா?"ன்னாரு. என் ஸ்கிரீன! அதே எம்.டி.! நான் என்ன சொல்லுவேன்? "தாராளமா சார்"னேன். திரும்பி வந்து பாத்தா, அவ்வளவு பச்சைக்கு நடுவுல ஒத்தச் சிவப்பு. வெள்ளை வேட்டியில வெத்திலைக் கறை மாதிரி.

சாப்பாட்டு நேரத்துல வாட்ச்மேன்கிட்ட சாவிய வாங்கிட்டுப் போனேன். சின்ன ரூமு. ஊதுபத்தி வாசம் அடிச்சுது. மெஷினுக்குப் பின்னால சுவத்தோரமா வயரச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு வச்சிருந்தா. நீல வயரு. ரப்பர் பேண்ட எடுத்துட்டு மாட்டினேன். அவ்வளவுதான். என் நெட்வொர்க், என் வயரு. இதுல என்ன தப்பு? என் சீட்டுக்கு வந்து தட்டிவிட்டேன். மூணு மணி டீ வர்றதுக்குள்ள பச்சையாயிருச்சு.

முழு ஸ்கிரீனும் சார். ஒரு சிவப்பு இல்ல. எங்க வீட்டம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவளுக்கு ஒண்ணும் புரியல, ஆனாச் சந்தோஷப்பட்டா. சாயங்காலம் அல்வா வாங்கிட்டுப் போனேன்.

வந்தவங்க பாத்தாங்க. எம்.டி. என் தோள்ல கையப் போட்டு, "எங்க ஆளு ஒருத்தரே செஞ்சாரு"ன்னு இங்கிலீஷ்ல சொன்னாரு. இந்தத் தோள்ல.

அதுக்கு மறுவாரம்தான் அது நடந்துச்சு. மத்தியானம். குடோன்ல பின்பக்கம் பொம்பளைங்க பஞ்சுல கிடக்கிற நூல், சாக்குத் துணியெல்லாம் பொறுக்கிக்கிட்டு இருந்திருக்காங்க. நடுவுல பஞ்சுப் பொதி மலை மாதிரி அடுக்கியிருக்கும், முன்னால நடக்கிறது பின்னால இருக்கிறவங்களுக்குத் தெரியாது. முன்பக்கம் வயரிங்கோ என்னமோ, புகைஞ்சிருக்கு. முன்னால இருந்தவங்க பாத்துட்டு ஓடிட்டாங்க. கத்தியிருக்காங்க, பக்கத்துல ஓடுற மெஷின் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? சைரன் அடிக்கல.

நான் ஏ.சி. ரூம்ல இருந்தேன். கருகல் வாசம் வந்துச்சு. ஜன்னல் வழியாப் பாத்தா கரும்புகை. எல்லாரும் குடோனப் பாத்து ஓடுறாங்க. நான் ஸ்கிரீனத்தான் பாத்தேன். குடோன் மெஷின் பச்சையா இருந்துச்சு சார். வெளிய அப்படி எரியுது, உள்ள பச்சை. கொஞ்ச நேரம் எனக்கு எத நம்புறதுன்னே தெரியல. நிஜமாச் சொல்றேன், ஸ்கிரீனத்தான் நம்பினேன்.

பஞ்சு எரியிறது எப்படின்னு பாத்திருக்கீங்களா? கொழுந்து விட்டெல்லாம் எரியாது. உள்ளுக்குள்ள கனிஞ்சுக்கிட்டே போகும், புகைதான் ஆளக் கொல்லும். வேலம்மா ஷட்டர் பக்கத்துல கிடந்தா. கதவுக்கு ரெண்டு எட்டு. இன்னொரு அம்மா மதுரை ஆஸ்பத்திரியில ஒரு வாரம் இருந்து போச்சு. அந்த வாசம் இன்னும் என் சட்டையில இருக்கு, எங்க வீட்டம்மா எத்தன தடவ துவைச்சும் போகல. அவ இல்லங்கிறா. எனக்கு அடிக்குது.

மெஷின் என்னாச்சுன்னா? அன்னிக்கு ராத்திரி என் சர்வர்ல இருந்த பதிவப் பாத்தேன். அந்த புரோகிராமுக்கு அடியில ஒரு பழைய பேக்கேஜ் இருந்திருக்கு. என் சிஸ்டம் அதப் பழசுன்னு எடுத்துட்டுப் புதுச வச்சிருக்கு. புரோகிராம் என்னமோ ஓடிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. பாத்தா எல்லாம் சரியா இருக்கும். ஆனாக் கருவிங்க சொல்றது அதுக்குக் கேக்கல. காது போன ஆளு மாதிரி உக்காந்திருந்திருக்கு. அதுக்கு நான் என்ன செய்வேன்? அவ்வளவு பழைய புரோகிராம் எப்ப இருந்தாலும் ஒரு நாள் போகத்தான் போகுது. லீவுல போறவ, ஊதுபத்தி காட்ட ஆள் வச்சிட்டுப் போயிருக்கணும். சொல்லிட்டுத்தான் போனேங்கிறா. யாரும் எங்ககிட்டச் சொல்லலங்குது மில்லு. யாரக் கேக்குறது?

மறுநாள் ஜி.எம். ரூமுக்குக் கூப்பிட்டாரு. மில்லு வக்கீலும் இருந்தாரு. ஜி.எம். நேரா விஷயத்துக்கு வந்தாரு. "கோதண்டராமன், குடோன் மெஷின் நெட்வொர்க்குலயே இல்ல. அந்தப் பொண்ணு வயரக் கழட்டி வச்சிருந்தா. மெமோ இருக்கு."

"சார், அதுக்கப்புறம் நான்..."

"மெமோ இருக்கு"ன்னாரு மறுபடியும். வக்கீல் சொன்னாரு, "நெட்வொர்க்ல இருந்திருந்தா, மெஷின் கெட்டது முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கழட்டினதாலதான் தெரியல. அப்படித்தானே?"

தலைய ஆட்டினேன். என்னத்தச் சொல்ல? அந்த மெஷின் தீயணைக்க அடிச்ச தண்ணியில ஊறிக் கரியாக் கிடக்கு. அப்புறம் ஜி.எம். சொன்னாரு, "உங்க சர்வர அழிச்சிருங்க, அதுல இருக்கிற பதிவெல்லாம் சேத்து. இன்னிக்கே."

எல்லாத்தையும் சார். ஒரு வருஷம் நான் உக்காந்து சேத்தது. ஒவ்வொரு பேக்கேஜா சோதிச்சு வச்சது. "வேற மெஷினுக்கெல்லாம் அது வேணுமே சார்"னு கேட்டேன். "பழைய மாதிரி பென் டிரைவ்ல செஞ்சுக்கோங்க"ன்னாரு. என் கையாலயே அழிச்சேன். ஸ்கிரீன்ல புள்ளியெல்லாம் ஒண்ணொண்ணா போச்சு. நான் அழுதேன் சார், சொல்றதுக்கு என்ன. எங்க அப்பா செத்தப்பக்கூட அப்படி அழல. அந்த வருத்தத்த ஒருத்தர் கேட்டாங்களா? மில்லுல எங்க பாத்தாலும் வேலம்மா, வேலம்மாதான். சரி, அவ செத்துட்டா. இது மட்டும் சாகலையா?

ஜெசிந்தாவப் போலீஸ் கூட்டிட்டுப் போச்சு. ஜாமீன்ல வந்ததும் ஒரு நாள் எங்க வீட்டுக்கு வந்தா. இளைச்சுப் போயிருந்தா.

"சார், நான் லீவுல போனப்ப வயரு கழட்டித்தான் இருந்துச்சு. நானே சுருட்டி வச்சேன். அப்படியே இருந்திருந்தா மெஷினுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, சைரன் அடிச்சிருக்கும். யாரோ மாட்டியிருக்காங்க சார். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

எங்க வீட்டம்மா காப்பி கொண்டாந்து வச்சிட்டு அங்கயே நின்னா. எனக்கு அவ உள்ள போனா நல்லா இருக்கும்னு தோணுச்சு.

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"னேன்.

"சரி சார்"னா. காப்பியத் தொடல. எங்க வீட்டம்மாகிட்ட "வரேங்க்கா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. எங்க வீட்டம்மா அந்த டம்ளர எடுத்துட்டுப் போயி அப்படியே தொட்டியில கொட்டினா. அதுல இருந்து அவ சரியாப் பேசுறதில்ல. சாப்பாடு வைப்பா, போயிருவா. முட்டி வலின்னு நெனைக்கிறேன். டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும்.

அந்தா, அந்தத் தூண் பக்கத்துல நிக்கிறா பாருங்க, பச்சைச் சேலை. அவதான். பக்கத்துல கோட்டுப் போட்ட பையன் அவ வக்கீலு. அனுபவம் பத்தாது. பாக்காதீங்க, பாக்காதீங்க, இந்தப் பக்கம் திரும்புறா.

இருங்க, என் பேரத்தான் கூப்பிடுறான். பையக் கொஞ்சம் பாத்துக்கோங்க, வந்துர்றேன்.

*

அப்பாடா. முடிஞ்சிருச்சு. இவ்வளவுதான்னு தெரிஞ்சிருந்தா நேத்து ராத்திரி நல்லாத் தூங்கியிருப்பேன். கொஞ்சம் தண்ணி இருக்கா? குடுங்க.

அரசாங்க வக்கீல் பேரு, வேலை, மெமோ எல்லாம் கேட்டாரு. சொன்னேன். அப்புறம் அந்தப் பையன் எந்திரிச்சான். "உங்க சிஸ்டம் மில்லுல இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போய்ச் சேந்துச்சா?"ன்னான்.

அப்பத்தான் சார் எனக்கு என்னமோ பண்ணிச்சு. எத்தன நாளா யாராவது இதக் கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன் தெரியுமா? ஆமா, எல்லாத்துக்கும் போச்சு, ஒண்ணு கூட விடல, நான் ஒருத்தன்தான் செஞ்சேன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. மில்லு வக்கீல் அந்த ஓரத்துல உக்காந்து கண்ணாடியத் தொடச்சிக்கிட்டு இருந்தாரு.

"ஒண்ணு தவிர"ன்னேன்.

"எது?"

"குடோன் மெஷின்."

"கழட்டின வயர யாராவது திரும்ப மாட்டினாங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"நீங்க மாட்டினீங்களா?"

"ஞாபகம் இல்ல."

ஜட்ஜு தலையத் தூக்கி என்னைப் பாத்தாரு. "ஞாபகம் இல்லையா, மாட்டலையா?"ன்னாரு. "மாட்டலைங்க அய்யா"ன்னேன். டைப் அடிக்கிற அம்மா அதையும் அடிச்சுது. கூண்டுல அவ என்னைப் பாக்கவே இல்ல. கைய மடிச்சு வச்சுக்கிட்டுத் தரையப் பாத்துக்கிட்டு நின்னா. பாத்திருந்தாக்கூடத் தேவலாம்.

ஒண்ணு தவிர! என் வாயாலயே சொல்ல வச்சுட்டாங்க பாருங்க. இனிமே காலத்துக்கும் கோர்ட்டுக் காகிதத்துல அப்படித்தான் இருக்கும். இந்த கோதண்டராமனால முழுசா முடிக்க முடியலன்னு.

வெளிய வர்றேன், வேலம்மா புருஷன் நிக்கிறாரு. வருஷத் திதிக்கு மொட்டை அடிச்சிருந்தாரு போல, இப்பத்தான் முடி வளருது. என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. "நீங்களாவது உண்மையச் சொன்னீங்கய்யா, நல்லா இருப்பீங்க"ன்னாரு. கை காய்ச்சுப் போயிச் சொரசொரன்னு இருந்துச்சு. பாருங்க, படிக்காத மனுஷன், அவருக்கு என் கஷ்டம் புரியுது. ஆங், இப்ப ஞாபகம் வருது, இன்னொரு அம்மா பேர அவர்தான் சொன்னாரு. அவரோட தங்கச்சியாம் அது. பேரு... சொன்னாரே இப்ப.

என்ன, எந்திரிச்சிட்டீங்க? உங்களக் கூப்பிடலையே இன்னும். தண்ணி பாட்டிலு, இந்தாங்க. கேண்டீன் இந்தப் பக்கம் சார், படிக்கட்டுக்குக் கீழ. அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல, அங்க அந்தப் பொண்ணும் அவ வக்கீலும்தான் நிக்கிறாங்க.

சார். ஒரு நிமிஷம்.

சார், உங்க பேரு என்ன? நான் கேக்கவே இல்லையே.